இழுவை வண்டி

ஒன்பது மணிக்குத் தடம் திறந்தது.
ஒன்பது ஆறுக்கே
ஹெரெஸின் கடைசி வளைவில் புகை.

பாதி கடித்த ரொட்டியை
டாஷ்போர்டில் வைத்துவிட்டுக் கிளம்பினான் ஃபெர்மின்.

குளிர்காலம் முழுக்க முந்நூறு பேர்
தூக்கம் விற்றுச் செய்த இயந்திரம்
தார்ப்பாய்க்குள் முகம் மறைத்துக் கிடந்தது.
கருகிய எண்ணெய் நெடியை
எதைக்கொண்டு மூட?

ஓட்டுநன் பக்கத்தில் ஏறினான்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
நீட்டிய ரொட்டியை
மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்று நாளில்
அந்தக் கார் ஒன்பது சுற்று.
இருமும் சைலன்சரோடு
ஃபெர்மினின் இருபத்திரண்டு வயது லாரி
பதினான்கு.

ஷெட்டில் இங்கெபோர்க்
வரைபடத்தில் கோடு அறுந்த இடத்தை
விரலால் தடவிப் பார்க்கிறாள்,
சூடு இருக்கிறதா என்பதுபோல்.

நாலரைக்கு மறுபடி உறுமல்.
தடமே திரும்பிப் பார்க்கிறது.
ஃபெர்மின்
சாவியைத் தேடுகிறான்.