குளிர்கால டயர்கள்

மேடையில் பெயரைச் சொன்னபோது
இர்மேலி கேக்கின் கடைசி வாயில் இருந்தாள்.
சிறந்த இணைய அறிபுனை இதழ் என்றார்கள்.
வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று
மூன்று நொடி நாங்களும் கைதட்டினோம்.

தம்பெரே, ஆகஸ்ட்.
இரவு ஒன்பதரைக்கும் ஜன்னலில் வெளிச்சம் மிச்சமிருந்தது.
இதழ் மார்ச்சிலேயே நின்றுபோயிற்று.
யாரிடமும் சொல்லவில்லை,
சொல்வதற்கு ஓர் இதழ் வேண்டுமே.

ஒன்பது வருடம்.
பல் கட்ட வைத்திருந்த காசு ஒருமுறை சர்வருக்குப் போனது;
இன்றைக்கும் இடப்பக்கமாகத்தான் மெல்லுகிறாள்.
நான் டிராம் ஓட்டுகிறவன்.
ஹெர்வந்தா கடைசி நிறுத்தத்தில்
வண்டி திரும்புமுன் கிடைக்கும் பதினொரு நிமிடத்தில்
வந்த கதைகளைப் படிப்பேன்:
நிலவில் வாடகை பாக்கி வைத்தவர்கள்,
அழத் தெரியாத, ஆனால் அழுதுகொண்டே இருக்கும் ரோபோக்கள்,
தன் மனைவி வேற்றுக்கோளிலிருந்து வந்தவள் என்று
மெய்யாகவே நம்பிய ஒரு குவோப்பியோக்காரர்.
அவருக்குப் பதில் எழுத மட்டும்
இர்மேலிக்கு இரண்டு நாள் பிடித்தது.

"இங்கேயே பார்த்துவிடுவோம்" என்று
அறிவிப்பாளர் வெய்யோ
இதழின் முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டினார்.
பெரிய திரையில் விரிந்தது:

குளிர்கால டயர்கள்.
மூன்று வாங்கினால் நான்காவது பாதி விலை.

காலாவதியான பெயரை யாரோ ஏப்ரலில் வாங்கிவிட்டார்கள்.
கூடம் மூச்சுவிடவில்லை.
பிறகு பின்வரிசையில் ஒரு குரல்:
"தொடக்கம் நன்றாயிருக்கிறது. அடுத்த பத்தி எங்கே?"
அப்புறம் சிரிப்பு நிற்க வெகுநேரமாயிற்று.

இர்மேலியின் ஏற்புரை முழுவதும் இவ்வளவுதான்:
"ஆணி வைத்ததாக வாங்குங்கள்.
நவம்பரில் ஏரிக்கரைச் சாலை வழுக்கும்."

கோட்டு மாட்டும் இடத்தில் ஒருத்தி வழிமறித்தாள்.
தூலிக்கி ராஸ்தாஸ், கயானியிலிருந்து.
"பதினொரு தடவை திருப்பி அனுப்பினீர்கள்."
நான் கண்ணாடிப் பரிசைக் கேடயம்போல் பிடித்தேன்.
அவள் கைப்பையிலிருந்து
மடிப்பில் கிழிந்த ஒரு தாளை எடுத்தாள்.
ஆறாவது மறுப்புக் கடிதம், அச்செடுத்தது.
இர்மேலியின் வரிகள்தான்:
"உங்கள் விண்கலத்தில் யாருக்குமே பசிக்கவில்லை.
ஒரே ஒருவருக்காவது பசிக்கட்டும்."

உலகத்தில் மிஞ்சிய எங்கள் ஒரே பக்கம்,
அதுவும் வேண்டாம் என்று சொன்ன பக்கம்.

"பன்னிரண்டாவதை எங்கே அனுப்ப?" என்றாள்.

இர்மேலி என் முகத்தைப் பார்த்தாள்.
நான் தரையைப் பார்த்தேன்.
அவள் பேனா கேட்டாள்.

காலை முதல் வண்டி.
பரிசு பிரேக் பிடியருகே ஆடிக்கொண்டு வந்தது.
ஹெர்வந்தாவில் பதினொரு நிமிடம்,
மார்ச்சிலிருந்து வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த பதினொரு நிமிடம்.
தொலைபேசி ஒருமுறை அதிர்ந்தது.

முதல் பத்தியிலேயே ஒருவன்
கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தான்.