னு

எனக்கு நோயில்லை.
வரலாம் என்று ஒரு தாள் சொன்னது.
இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு வட்டம்,
பென்சிலால் நிரப்பிக் கொடுத்தேன்.
பதினொன்றாம் வகுப்பில் ஆறு பேர்
கோட்டுக்குக் கொஞ்சம் மேலே.
இந்த ஒரு பரீட்சையில் மட்டும்
மேலே போகக் கூடாதாம்.

அனுமதிக் கடிதத்தை அப்பா இரண்டு முறை படித்தார்.
"உனக்கு என்னம்மா குறை?"
கோபமில்லை. நிஜமாகவே தேடினார்,
ஏசி, வைஃபை, டியூஷன், புது ஷூ என்று
வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டி.
பிறகு கையெழுத்திட்டார்,
வாடகைச் செக்கில் போடும் அதே கையெழுத்து.

புதன்கிழமை, கடைசி பீரியட் முடிந்து,
ஷார்ஜா வெயில் ஜன்னல் ஃபிலிமில் பழுப்பாக நிற்க
பி.டி. அறையின் நீல விரிப்பில் ஆறு பேர்.
ஷைனி மிஸ்ஸின் தமிழில் பாதி திருச்சூர்.
முதல் வாரம் ஒரு பேரீச்சம்பழம்.
ஒன்றே ஒன்று. ஏழு நிமிடம்.
பார், முகர், நாக்கில் வை, கடிக்காதே.
ஹஸீப் நாற்பதாவது விநாடியில் விழுங்கிவிட்டு
மீதி நேரம் கொட்டையைக் கவனித்தான்.
"அது மதி," என்றார் மிஸ்.

இரண்டாம் வாரம் மூச்சு.
மூச்சைப் பிடித்தால் ஏசி இரைந்தது.
ஏசியைப் பிடித்தால் கெமிஸ்ட்ரி வந்தது.
கெமிஸ்ட்ரியின் வாலைப் பிடித்துக்கொண்டு
பழைய குரல் வந்து உட்கார்ந்தது:
நீ எதுக்கும் லாயக்கில்லை.
அது என் குரலில்தான் பேசும்.
அதனால்தான் இத்தனை நாள் நம்பினேன்.

நாலாம் வாரம் மிஸ் ஒன்று சொன்னார், இங்கிலீஷில்.
எண்ணம் வேறு, உண்மை வேறு.
தலையாட்டினேன். புரியவில்லை.
வீட்டுக்கு வந்து நோட்டில் தமிழில் எழுதினேன்:
லாயக்கில்லை.
பேனா நிற்காமல், பேச்சுப் பழக்கத்தில், வாலை ஒட்டியது:
லாயக்கில்லைன்னு
அப்புறம் வாக்கியம் முடியாமல் தவித்தது.
லாயக்கில்லைன்னு தோணுது.
லாயக்கில்லைன்னு இப்போ, ஏழேகாலுக்கு, தோணுது.

அவ்வளவு சின்ன எழுத்து.
மூடப்போகும் லிஃப்ட் கதவுக்கு நடுவே
யாரோ நீட்டிய செருப்புக்கால் மாதிரி.

குரல் போய்விடவில்லை.
ஐந்தாம் வாரம் ட்ரீஸா விரிப்பில் குப்புறப் படுத்து அழுதாள்.
அன்று என் னு எதிலும் ஒட்டவில்லை.

ஆறாம் வாரம் தூசிக் காற்று.
பத்து நிமிடம், எதையும் மாற்றாமல்,
சும்மா பார்ப்பதுதான் வீட்டுப்பாடம்.
நாலாம் மாடி பால்கனிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன்.
கீழே எங்கள் வெள்ளை சன்னி,
விளக்கணைந்து, கச்சிதமாகக் கோட்டுக்குள்.
உள்ளே அப்பா.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
போன்கூட இல்லை.
பத்து நிமிடம் முடிந்தது. நான் எழவில்லை.
அவரும்.

அபு ஷகாராவில் பார்க்கிங் கிடைக்கலை
என்று தினம் எட்டரைக்குச் சொல்வார்.
அம்மாவும் நானும் ஊரான் கார்களைத் திட்டிக்கொண்டே
சப்பாத்தியைச் சூடாக்குவோம்.
எத்தனை வருஷத்துச் சப்பாத்தி.

அவருக்கு யாரும் தாள் கொடுத்ததில்லை.

இறங்கிப் போனேன்.
பக்கத்து ஸீட்டிலிருந்த லஞ்ச் பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன்.
கண்ணாடி முழுக்க மாவு மாதிரி மண்.
"என்னப்பா?"
"ஒண்ணுமில்லை."

னு,
என்று மனசுக்குள் ஒட்டிவைத்தேன்.
மீதி வாக்கியத்துக்கு அவசரமில்லை.

வைப்பரை ஒரு முறை போட்டார்.
இரண்டு அரைவட்டம் திறந்தது.
எதிரே குப்பைத்தொட்டி மூடிமேல் ஒரு பூனை,
காற்றுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு,
எங்களையே பார்த்தது.