பதினேழு வருஷமாகத் திறக்காதது

கல்லறைத் தோட்டத்துக்கு ஊரே வரும் ஞாயிறுக்கு
இன்னும் மூன்று நாள்.
ஹெல்தூரிடம் இரவல் வாங்கிய புல்வெட்டி
மாமியாரின் கருங்கல் விளிம்பில் முட்டி
டக்கென்றது.
விரிசல் விட்ட மூடி ஒரு பக்கம்,
உள்ளிருந்த ஸ்பிரிங் பிர்ச் மரங்களுக்கிடையே
எங்கோ ஒரு பக்கம்.
இரவல் பொருள் அவளுக்கு எப்போதுமே ஆகாது.

கொடுக்கும்போதே சொல்லியிருந்தார் ஹெல்தூர்:
"பதினேழு வருஷம். ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றினதில்லை."
குழந்தையை இடுப்பு மாற்றுவதுபோல
பட்டையை என் தோளுக்கு மாற்றிவிட்டு
ஒரு பெருமூச்சு வேறு.

வோரு நகரத்துக் கடைக்காரன் தொலைபேசியில் சிரித்தான்.
அந்த மாடல் நின்றுபோய்ப் பத்து வருஷமாம்.

சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்தேன்.
ராத்திரி பதினொன்று.
ஜூன் மாதம், விளக்குப் போடத் தேவையில்லை.
கொசு மட்டும் கடிகாரம் பார்த்து வந்தது.
"உங்க அம்மா கல்தான் உடைச்சுது" என்றதைக்
காதில் வாங்காமல் உர்மாஸ் தூங்கப் போனான்.

சுருளை உருவினேன்.
சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிய நைலான்.
அடிச்சுற்று மட்டும் வேறு நிறம்,
தூண்டில் நூல்.
இப்படி முடிச்சுப் போட
இந்த ஏரிக்கரையில் கல்யு ஒருவனால்தான் முடியும்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

காற்று வடிகட்டியைத் திறந்தால்
பாத்திரம் தேய்க்கும் பஞ்சு.
கத்தரித்த ஓரம் அத்தனை நேர், தையற்காரி கை.
லெய்டா, நீயுமா?
இழுகயிறு, கயிறே இல்லை, பூட்ஸ் நாடா.
பெட்ரோல் குழாயைக் கவ்விக்கொண்டு
யார் வீட்டுச் சிறுமியுடையதோ ஒரு கொண்டை ஊசி,
பூவை மட்டும் கிள்ளிவிட்டு.
வாஷர் இருக்கவேண்டிய இடத்தில்
செல்லாமல் போன பழைய பத்து சென்ட்,
நடுவில் துளை போட்டு.

எத்தனை மேசைகள், எத்தனை செய்தித்தாள்கள்.
எத்தனை பேர் என்னைப்போல்
கதவைச் சாத்திக்கொண்டு.

பேனா ஸ்பிரிங் போட்டுப் பார்த்தேன், மெலிசு.
டார்ச்சைப் பிரித்து
பேட்டரிக்கு அடியில் இருந்ததை எடுத்தேன்.
ஆகஸ்ட் வரை இருட்டு வராது,
வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.
ஊசியைச் சுடவைத்து மூடியில் துளையிட்டு
செப்புக் கம்பியால் ஏழு தையல்.
அம்புக்குறி தேய்ந்திருந்ததால்
நூலைத் தப்பான பக்கம் சுற்றி,
திட்டிக்கொண்டே அவிழ்த்து,
மறுபடி சுற்றினேன்.

காலை. ஹெல்தூரின் முற்றம்.
மூன்றாவது இழுப்பில் உறுமியது.
தலையை மண்ணில் ஒரு தட்டுத் தட்டினார்,
நூல் விரலளவு நீண்டது.
"பார்த்தியா," என்றார், "பதினேழு வருஷம்.
இதுக்கு ஒண்ணுமே ஆகாது."

ஆகாதுதான் என்றேன்.
மாமியாரின் இடப்பக்கம் புல் இன்னும் முழங்கால் உயரம்.
அதை அரிவாளால் பார்த்துக்கொள்கிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்
துணி உலர்த்திக்கொண்டிருந்த லெய்டா
என் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்தாள்.
கையிலிருந்த கிளிப்பை எடுத்து
வாயில் கவ்விக்கொண்டாள்.