ஒரு வாளி மணல்

கஸ்தூரியார் வீதியில் போன் திருத்துற கடை என்ர.
நெற்றியில் கட்டின பூதக்கண்ணாடியால்
எள்ளிலும் சின்னத் திருகாணியைக் கழட்டுவன்.

நாவற்குழி றோட்டில்
சைக்கிள் சில்லுக்குத் தப்பிக் கிடந்தது இந்தப் பச்சோந்தி.
விழுந்தும் உடையேல்லை என்று
நொக்கியா எனப் பேர் வைச்சவன்
பக்கத்துக் கடையில் சாரம் விக்கிற அமலதாஸ்.

முதலில் கண்தான்.
ஒன்று வாசலையும் மற்றது என்னையும் பார்க்கிற கண்
ஒரு வெள்ளிக்கிழமை உள்ளுக்கு இறங்கியிருந்தது,
வத்தின குளத்தின் நடுக்குழி மாதிரி.
சிரட்டை நிறையத் தண்ணி வைச்சிருந்தன்.
அதுக்குச் சிரட்டை தெரியாது.
இலை நுனியில் துளியாய் நடுங்கினால்தான்
அதுக்கு அது தண்ணி.

பிறகு கொப்பைப் பிடிக்கிற முன்கை
வளையக்கூடாத இடத்தில் வளைஞ்சது.
எறிஞ்ச நாக்கு
வெட்டுக்கிளிக்கு ஒரு விரற்கடை முன்னால் விழுந்தது.
அதைத் திரும்ப இழுத்த விதம்,
கடன் கேட்டுப் போன வீட்டில்
படலை திறக்காமலே திரும்புறவன் மாதிரி.

திருநெல்வேலியில் மிருக வைத்தியர் மங்களேஸ்வரி.
எனக்கு முன்னால் ஒரு ஆடு, பின்னால் கோழிப்பெட்டி.
"பச்சோந்தி நான் பார்த்ததில்லைத் தம்பி" என்று
உள்ளதைச் சொன்னா.
"ஆனால் எலும்பு எலும்புதான். எங்க வைச்சிருக்கிறீர்?"
"கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில. வெயில் படும்."
"கண்ணாடிக்குள்ளால வாறது வெளிச்சம்.
வெயில் வேற."

குருநகர்க் கரையில் கணவாய் ஓடு பொறுக்கி
இடிச்சு மாவாக்கினன்.
பொரிக்கிற மீனுக்குத் தூள் பிரட்டுற மாதிரி
வெட்டுக்கிளிகளைப் பிரட்டினன்.
காலமை எட்டுக்கு
கடை வாசல் செவ்வரத்தையில் ஏத்திவிட்டால்
போறவன் வாறவன்
"இது எந்தக் கட்சி?" என்று சிரிப்பான்.
நான் நிறத்தைப் படிச்சுக்கொண்டிருந்தன்.
நோ என்றால் புளியங்கோது நிறம்.
தண்ணி குடிச்ச நாளில் இளம் வாழைக்குருத்து.

நாக்கு எட்டத் தொடங்கின மூன்றாம் கிழமை
சாப்பாட்டை விட்டது.
கொப்பால் இறங்கி
கூட்டின் மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.
சாவுக்குத்தான் இறங்குது என்று நினைச்சு
திரும்ப ஓடினன்.

டொக்டர் ஒரு விரலால் வயிற்றைத் தடவினா,
புளிக்குள் கொட்டை தேடுற மாதிரி.
"இவன் இல்லை. இவள்.
வாயும் வயிறுமாய் நிக்கிறாள்."
"தனியத்தானே இருந்தாள்?"
"முட்டையிடக் கோழிக்குச் சேவல் வேணுமே?
ஈரமணல் வையும், ஒரு சாண் ஆழத்துக்கு.
வைச்சிட்டுப் பார்க்காதையும்.
ஆள் பார்த்தால் இடாள்.
இடாட்டில் இருக்காள்."

ஒழுங்கையில் வீடு கட்டுறவையிட்ட
ஒரு வாளி மணல் கேட்டன்.
"என்னத்துக்கு?"
"பிரசவத்துக்கு."
சிரிக்காமல் தந்தினம்.
அமலதாஸ் சாயம்போன சாரம் ஒன்றைக் கிழிச்சு
கூட்டைச் சுத்தி மறைச்சான்.

பார்த்துப் பார்த்தே சோறு தின்னுறவன் நான்.
அன்றைக்குப் பூதக்கண்ணாடியைக் கழட்டி
லாச்சிக்குள் போட்டன்.
கூட்டுக்கு முதுகு காட்டி இருந்தன்.
மணல் சரசரக்கும். நிக்கும்.
நிக்கிற நேரந்தான் நீளம்.
"என்ர போன் எப்ப கிடைக்கும்?" என்று வந்தவரிட்ட
"மெல்லமாய்க் கதையுங்கோ" என்றன்.
அவர் என்னத்தை விளங்கினாரோ,
செருப்பைக் கழட்டி வைச்சிட்டு நின்றார்.

விடியச் சாரத்தை விலக்கினன்.
காஞ்ச மிளகாய் மாதிரி ஒட்டிப்போய்
கொப்பில் இருந்தாள்.
மணலைக் கிளறினால் இருபத்திமூன்று,
மஞ்சளாய், குழிவிழுந்து.
ஒன்றிலும் உயிரில்லை.
ஆனால் மூடி, மிதிச்சு, அடையாளம் தெரியாமல்
மட்டமாக்கி வைச்சிருந்தாள்,
உயிர் இருந்திருந்தால் எப்படி மூடுவாளோ
அப்படியே.

கை வளைஞ்சது வளைஞ்சதுதான்,
இனி நிமிராது என்றா டொக்டர்.
ஊசி கழட்டின சிரிஞ்சால்
செவ்வரத்தை இலையில் துளி விடுறன்.
ஒரு கண் துளியில்.
மற்றது வாளியில்.