எதிரெதிர் இருக்கை

போயா இரவு. வைன் ஸ்டோர் பூட்டு.
பிரிட்ஜில் ஆறு போத்தல் ஜிஞ்சர் பியர்,
மேசையில் அவித்த கடலை.
வெள்ளவத்தையில் நாலாம் மாடி எனது;
லிப்ட் இரண்டு நாளாய் வேலை செய்யவில்லை.
ஏறி வருபவர்கள் மூச்சு வாங்குவதால்
முதல் ஐந்து நிமிடம் யாரும் யாரோடும் பேசத் தேவையில்லை.
அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

எமில் என் தம்பி. பிரமிளா அவன் மனைவி.
எட்டு மாதமாய்
அவன் வத்தளையில், அவள் இரத்மலானையில்.
இருவருக்கும் தனித்தனியே கோல் எடுத்துச் சொன்னேன்,
"சும்மா வா, கேம் விளையாடுவம்."
மற்றவர் வருவதைச் சொல்லவில்லை.

மூன்று மணிக்கே அலுமாரி மேலிருந்த பெட்டிகளை இறக்கித்
தரையில் பரப்பினேன்.

மொனோபொலி முதலில் போயிற்று.
வீடு யார் பேரில், வாடகை யார் கட்டுவது:
காகிதக் காசென்றாலும்
அதே வாசம்தான் அடிக்கும்.

ஸ்கிராபிளில் பிரமிளா
ஏழு எழுத்தையும் ஒரேயடியாய் வைத்துவிட்டு
மெல்லச் சிரிப்பாள்.
அந்தச் சிரிப்பு எமிலுக்கு ஆகாது.

செஸ் இருவருக்கு மட்டும்.
அவர்கள் ஆட, மற்ற மூவரும் சுற்றியிருந்து பார்த்தால்
அது கோடு.

லூடோ நல்லதென்றுதான் நினைத்தேன்.
பச்சைக் காய் ஒன்றுக்குப் பதில் சட்டைப் பொத்தான்,
அது பரவாயில்லை.
பிறகு ஞாபகம் வந்தது, எங்கள் வீட்டில்
காய் வெட்டுகிறவர் கத்துகிற வார்த்தை:
"போ, வீட்டுக்குப் போ!"
மூடி வைத்தேன்.

பாம்பும் ஏணியும்.
யார் விழுந்தாலும் யாருக்கும் பழியில்லை.
மேசையில் எடுத்தும் வைத்துவிட்டேன்.
ஆனால் பத்தாவது நிமிடம் ஷஹ்மி போனை எடுப்பான்,
அவனைப் பார்த்து எமில் எடுப்பான்,
பிறகு ஐந்து திரைகள், ஐந்து முகங்கள்.

மிஞ்சியது கட்டிலுக்கடியில் கரம் பலகை.
கடற்காற்றில் ஒரு மூலை ஊதியிருந்தது.
போரிக் பவுடர் இல்லை, பேபி பவுடர் தூவினேன்.
அப்போதுதான் உறைத்தது:
நாலு பேர் ஆட்டத்தில்
கூட்டாளி பக்கத்தில் இருப்பதில்லை, எதிரே இருப்பார்.
காய் ஒரே நிறம்.
முகத்தைப் பார்க்க வேண்டாம், விரலைப் பார்த்தால் போதும்.

சீட்டுக் குலுக்கிக் கூட்டாளி பிரித்தேன்.
குலுக்கல் நேர்மையானதல்ல.

எமில் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
பிரமிளா கைப்பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை.
நிலூக்கா அடித்த முதல் அடியில்
காய்கள் சிதறிய சத்தத்துக்குக்
கீழ்வீட்டு ஐராங்கனி மிஸ்
தும்புத்தடியால் கூரையை இரண்டு தரம் இடித்தாள்.
எல்லாரும் சிரித்தார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்து.

எட்டரை ரயில் கரையோரம் போனது.
பலகை நடுங்கி,
குழி விளிம்பில் நின்ற கறுப்பு தானாய் விழுந்தது.
"அது எங்கட!" என்றாள் நிலூக்கா தமிழில்.
"ரயில்வேக்குப் போடு புள்ளி" என்றான்
அவளுடைய கூட்டாளி ஷஹ்மியே.

எந்நேரம் அந்தக் கைப்பை கதிரையில் தொங்கியதோ
நான் கவனிக்கவில்லை.

ஒன்பது மணியளவில் எமில் சிவப்பை விழுத்தினான்.
அழகான அடி, ஓரத்தில் பட்டுத் திரும்பி.
பின்தொடர ஒரு வெள்ளை,
குழிக்கு மூன்று விரல் தூரத்தில்.
குழந்தையும் போடும்.
அவன் போடவில்லை.
சட்டப்படி சிவப்பு திரும்பி நடுவுக்கு வரவேண்டும்.

குழியில் கைவிட்டு எடுத்தவள் பிரமிளா.
வட்டத்தின் நடுவில் வைத்து,
விரல் நுனியால் ஒருதரம் நேராக்கி,
சிவப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:
"உங்களுக்கு எப்பவும் அவசரம்."

"ஓம்" என்றான் எமில்.

கடலை எடுத்து வருவதாய்ச் சொல்லிக்
குசினிக்குள் போய் நின்றேன்.
கடலை மேசையிலேயே இருந்தது.