துறை அடைப்பு

துறைமுகத்தை மதியமே அடைத்துவிட்டார்கள்.
புன்ட்டா அரீனஸில் ஜூலைக் காற்று
தகரத்தைக் கழற்றும், பேச்சைக் கழற்றும்.
ஐந்தரைக்கே விளக்குப் போட்டேன்.

எவாரிஸ்த்தோ கொல்லைப் பட்டறையில் குடியிருக்கிறான்.
மணவிலக்காகிப் பதினோரு மாதம்.
படகில் பாதி எனக்கு, வீட்டில் பாதி அவனுக்கு,
நண்டுக் கணக்கு மட்டும்
எந்தப் பாதியிலும் சேராமல்
ஒரு பழைய விண்டோஸில் மாட்டிக்கொண்டது.
அது ஓடிய பெட்டி செத்துப்போனதால்
என் மடிக்கணினிக்குள் இன்னொரு கணினியைக் கட்டினேன்.
கையால் தொட முடியாது,
நினைவகத்தில் பாதியைத் தின்னும்.

அவன் திரையிலிருந்து அதை அவன் எட்ட வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் நேட்.
உள்ளே இருப்பது வெளியே போகலாம்,
சான்டியாகோ வரை போய்த் தக்காளி விலை கேட்கலாம்,
வெளியே இருப்பவன் உள்ளே வர வழியில்லை.
உண்மையைச் சொன்னால்
எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.
“கிடைக்கலையே, நோல்வியா”
முப்பதடி தூரத்திலிருந்து போனில் சொன்னான்.

பிரிட்ஜ் என்று மாற்றினேன்.
பெயரில்தான் பாலம்.
வைஃபை ஓர் இணைப்புக்கு ஒரு முகத்தைத்தான் ஏற்கும்.
என் முகத்துக்குப் பின்னால்
இன்னொன்று எட்டிப் பார்த்ததும்
ரவுட்டர் பேச்சை நிறுத்திக்கொண்டது.
உள்ளே இருந்த பாவம்
முகவரி தாருங்கள், முகவரி தாருங்கள் என்று
நாலு முறை கேட்டுவிட்டு
தனக்குத் தானே ஒன்று வைத்துக்கொண்டது:
நூற்று அறுபத்தொன்பது, இருநூற்று ஐம்பத்து நாலு...
யாரும் கொடுக்காதபோது
இயந்திரங்கள் சூட்டிக்கொள்ளும் எண் அது.
பிரிந்த புதிதில் மூன்று வாரம்
வேனில் படுத்திருந்தவன்
வக்கீலுக்கு எழுதிக் கொடுத்தானே,
‘வெள்ளை வேன், மீன் இறங்குதளம்’ என்று.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கேபிள் இருந்தால் நடக்கும் என்றேன்.
ஆழமானிக்கு வாங்கி மிஞ்சிய நீலக் கேபிள்,
நாற்பது மீட்டர், உப்பு வாசனையோடு கொண்டுவந்தான்.
பூட்ஸைக் கழற்றினான்.
படிக்கட்டின் அடியிலிருந்த ரவுட்டர் முதல்
என் மேஜைக்கால் வரை
முழங்காலில் ஊர்ந்து இழுத்தான்.
தொப்பியைப் பழைய ஆணியிலேயே மாட்டியிருந்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இம்முறை ஒழுங்கான முகவரி வந்தது,
எங்கள் வீட்டு வரிசையில், பத்தொன்பதாவது.
பட்டறைக்கு ஓடிப்போய் பிங் அடித்தான்.
பதில் இல்லை.
மறுபடி அடித்தான். நேரம் கடந்தது.

என் திரையில் பார்க்கிறேன்,
அவன் அனுப்பும் பாக்கெட்டுகள்
வரிவரியாக வந்து இறங்குகின்றன.
எல்லாம் வருகின்றன.
வீட்டில் விளக்கு எரிகிறது, ஆளும் உண்டு,
தட்டுவது காதில் விழுகிறது,
எழுந்து திறக்கத்தான் இல்லை.

நாற்பது நிமிடம் கேபிளைத் திட்டினோம்.
பிறகு ரவுட்டரை, ரவுட்டர் விற்றவனை,
இடையில் ஒருமுறை அவன் அம்மாவை.
உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது.

உள்ளே ஃபயர்வால்.
எல்லாத் துறைகளும் அடைப்பு.
நிறுவிய அன்று
நானே டிக் அடித்து நானே மறந்தது.

ஒரு விதி எழுதினேன்:
இந்த வீட்டு வரிசையிலிருந்து வருகிறவர்
இந்த ஒரு துறைக்கு மட்டும் வரலாம்.
தட்டினால் குரல் கொடுக்கலாம்.
மற்றதெல்லாம் முன்போலவே.

பதில், ஒரு மில்லிசெகண்ட்.
நேற்று இறக்கிய பெட்டி நூற்று முப்பத்திரண்டு என்று
பட்டறையில் அவன் விரல் தட்டுவது
என் மேஜையில் எண்ணாக முளைத்தது.
முதலில் முப்பத்து மூன்று என்று அடித்து
அழித்துத் திருத்தினான்.

பத்து மணிக்கு விவரப் பக்கத்தைத் திறந்தேன்.
முகவரியின் குத்தகை: இருபத்து நான்கு மணி நேரம்.
நாளை மறுபடி கேட்கும், கொடுத்தால் உண்டு.
நிலையாகவே எழுதிவிடலாம்,
ஒரு கட்டம், நாலு எண், சேமி.

காற்று இன்னும் இறங்கவில்லை.
தொப்பியை விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.
பக்கம் திறந்தே இருக்கிறது,
அடிப்பிடிக்காத உருளைக்கிழங்காகப் பார்த்துத்
தின்றுகொண்டிருக்கிறேன்.