கன்னத்துச் சில்லறை

கருங்கல் சந்திப்பில், ரப்பர் ஷீட் கடைக்கு மேல்மாடியில்
என் பல் ஆஸ்பத்திரி.
மழை பெய்தால் வருகிறவர்கள்
வாயைத் திறக்கும் முன் மூக்கைப் பொத்துவார்கள்.

கீழ் இழுப்பறையில், பஞ்சு உருளைகளுக்குப் பின்னால்
பதினேழு காசுகள்.
பதினேழையும் ஒரு தேக்கரண்டியில் அள்ளிவிடலாம்.
கிரேக்க வெள்ளி. ஒன்றுகூட
என் சுண்டுவிரல் நகத்தைத் தாண்டாது.

பெரியவற்றை நான் தேடுவதில்லை.
ஆந்தை முழிக்கிற அந்தத் தடித்த வெள்ளிக்கு
என் வருமானம் காணாது, அது ஒரு பக்கம்.
அது கப்பலுக்கும் படைக்கும் எண்ணிக் கொடுத்தது;
இது வெங்காயத்துக்கு.
ஒபோல், அரை ஒபோல், கால் ஒபோல்.
மீதி வாங்க மறந்த யாரோ
பாதி வழியிலிருந்து திரும்பி ஓடிய காசு.

கடைசியாக முனிச்சிலிருந்து வந்த உறையைத்
தபால்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"உள்ள ஒண்ணும் இல்லியே டாக்டரே."
கையெழுத்துப் போட்டு
அந்த ஒன்றுமில்லாததை வாங்கிக்கொண்டேன்.
பக்கத்து நகைக்கடைத் தராசில் நிறுத்தேன்:
பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு கிராம்.
மூன்று குன்றிமணி.
கிசிக்கோஸ் என்ற துறைமுகத்து அரை ஒபோல்.
ஒரு பக்கம் சிங்கமுகம்.
மறுபக்கம் பாதிக் காட்டுப்பன்றி, அதன் முதுகுக்குப் பின்னால்
செங்குத்தாக ஏதோ ஒன்று. அச்சுப் பிசகு என்று நினைத்தேன்.

தூத்தூர் ததேயூஸ் அன்றைக்குத்தான் வந்தார்,
நாற்பது நாள் ஆழ்கடலில் கிராம்பை வைத்து
வலியோடு பேரம் பேசிவிட்டு.
இடது கீழ்க் கடைவாய்ப்பல். ஊசி போட்டேன்.
மரத்துப்போகப் பத்து நிமிடம் ஆகும்.
அந்தப் பத்து நிமிடத்தில்
லென்ஸுக்கு அடியில் என்ன என்று கேட்டார்.

குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை.
"இது சூரையாக்கும்."
"எது?"
"பன்னிக்குப் பெறத்தால நிக்கதில்லா.
தூண்டல்ல தூக்குனா இப்பிடித்தான் வரும், தலை மேல, வால் கீழ.
வலையில பிடிச்சதில்லை இது."

எந்தப் புத்தகத்திலும்
எப்படிப் பிடித்தது என்று எழுதியிருக்கவில்லை.

இதுக்கு என்ன கிடைக்கும் அப்போ?
ஒரு துண்டு மீன் கிடைத்திருக்கலாம் என்றேன்.
எங்க வச்சிட்டு நடப்பாங்க இதை?
மடிப்பை கிடையாது, அதனால்
கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள் என்றேன்.
அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை.
"ரெண்டு கையும் வேலையா இருந்தா
வாயாக்கும் மூணாவது கை.
நரம்பு, முள்ளு, பீடி எல்லாம் அங்கதான்."

ஊசியை எடுக்கத் திரும்பினேன்.
திரும்பி வந்தபோது லென்ஸுக்கு அடியில் காசு இல்லை.
ததேயூஸின் இடது கன்னம்
ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தது.

"துப்புங்க."
துப்பினார். எச்சில்தான் வந்தது.
"உள்ளே இருக்கா?"
யோசித்தார். நாக்கால் துழாவினார்.
"தெரியலியே டாக்டரே, மரத்துப்போச்சு."

ரெஜிலா விளக்கைத் திருப்பினாள்.
உறிஞ்சுகுழாயை எடுக்கப் போன அவள் கையைத் தட்டிவிட்டேன்.
விழுங்காதீங்க, விழுங்காதீங்க என்று
இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்தைக் கெஞ்சினேன்.
கண்ணாடி உள்ளே போனது. ஈறு, வெற்றிலைக் கறை,
போன வருடம் நான் அடைத்த குழி,
கன்னத்தின் சிவந்த சுவர்.
அதன் அடி மடிப்பில், சொத்தைப் பல்லுக்குப் பக்கத்தில்
பன்றி பளபளவென்று இருந்தது.
இடுக்கியால் எடுத்தேன்.
கை நடுங்கியது. பல் பிடுங்க ஒருநாளும் நடுங்காத கை.

பல்லையும் எடுத்தேன், அது வேறு விஷயம்.
பஞ்சைக் கடித்தபடி ததேயூஸ் படியிறங்கிப் போனார்.

துடைக்காமல் மறுபடி நிறுத்தேன்.
மூன்று ஒன்பது.
தராசு சரியில்லை என்றாள் ரெஜிலா.

என் நோட்டில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு கட்டம் உண்டு:
இதற்கு முன் யாரிடம் இருந்தது.
முனிச் வியாபாரியின் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தேன்.
அதன் கீழே எழுதினேன்:
ததேயூஸ், தூத்தூர். நான்கு நிமிடம்.